பிளக்கை வெட்டின கதை

தலைப்பைப் பார்த்து வீட்டு வயரிங் சமாச்சாரம்னு நினைச்சு வந்திருந்தா மன்னிச்சுக்குங்க மக்களே. இது பழைய ராணுவ ரேடியோ ஸ்பீக்கர் பத்தின பதிவு. கொஞ்சம் நீளம். நடுவுல வோல்ட்டு, ஓம்னு பள்ளிக்கூடத்துப் பாடம் எல்லாம் வரும். தூக்கம் வந்தா அந்தப் பத்தியை மட்டும் தாண்டிக்கலாம், ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன் :-)

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

எங்க மாமா திருச்சியில ரேடியோ மெக்கானிக். மெட்ராஸுக்குப் போனா மூர் மார்க்கெட்டை ஒரு சுத்து சுத்தாம திரும்ப மாட்டார். 1985ல எரிஞ்சு போச்சே, அதே மூர் மார்க்கெட்தான். ஒரு தடவை அங்கேயிருந்து ஒரு ஹெட்போன் வாங்கிட்டு வந்தார். "சண்டையில மிஞ்சினதுடா"ன்னார். கறுப்பா, கனமா இருக்கும். துணி சுத்தின வயர், நுனியில பித்தளையில விரல் தண்டிக்கு ஒரு பிளக். அது எங்க வீட்டு ரேடியோவுல எங்கேயும் நுழையலை. நான் அப்ப ஏழாங்கிளாஸ். கட்டிங் பிளேயரை எடுத்துக்கிட்டுப் போனேன், வெட்டிட்டு வயரை நேரா சொருகிடலாம்னு. மாமா கையைத் தட்டிவிட்டார். "அதை வெட்டினா அப்புறம் அது வெறும் வயருடா"ன்னார். கஞ்சன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேன்.

கொசுவத்தி முடிஞ்சது. இப்ப நேரா 2009, அமெரிக்கா, ஓஹையோ.

இங்கே டேட்டன் பக்கத்துல வருஷா வருஷம் மே மாசம் ஹாம்வென்ஷன்னு அமெச்சூர் ரேடியோக்காரங்க திருவிழா நடக்கும். 2016 வரைக்கும் ஹாரா அரீனாவுல நடந்துச்சு. 2017லேருந்து ஸீனியாவுக்கு மாத்திட்டாங்க. அரங்கத்துக்குள்ளே பளபளன்னு புது ரேடியோ எல்லாம் இருக்கும். எனக்கு அது வேண்டாம். வெளியே கார் நிறுத்துற இடத்துல மேசையைப் போட்டும் தரையில தார்ப்பாயை விரிச்சும் விப்பாங்க பாருங்க, அந்தச் சந்தைதான் நமக்கு. அந்த வருஷம் அங்கே ரெண்டு ஸ்பீக்கர் வாங்கினேன். தங்கமணி கார்லயே உட்கார்ந்துட்டாங்க. "ஏங்க, வீட்ல பாட்டு கேக்க ஸ்பீக்கர் இல்லையா?"ன்னு ஒரே ஒரு கேள்விதான். பதில் சொல்ற நிலைமையில நான் இல்லை.

முதல் ஸ்பீக்கர் எல்.எஸ்-3. இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க சிக்னல் கோர் சரக்கு. சதுரமான இரும்புப் பொட்டி, கை வெச்சா சொரசொரன்னு இருக்கிற சுருக்கம் விழுந்த கறுப்பு பெயிண்ட். பி.சி-312, பி.சி-342ன்னு ரெண்டு ரிசீவர் உண்டு. 312 வண்டி பேட்டரியில ஓடும், 342 வீட்டுக் கரண்ட்டுல ஓடும். அதுங்களுக்கு ஜோடிதான் இந்த ஸ்பீக்கர். வீட்டுக்கு வந்ததும் ஒரு கிடார் கேபிளை எடுத்து வீட்டு ஆம்ப்ளிஃபயரையும் இதையும் கோர்த்தேன். கொசு பாடுற மாதிரி ஒரு சத்தம். காதை வெச்சுக் கேட்டா இளையராஜா. எடுத்தா ஒண்ணும் இல்லை.

இதுதான் நான் சொன்ன பாடம். நம்ம வீட்டு ஸ்பீக்கர் எல்லாம் 8 ஓம். எல்.எஸ்-3 வெளியே காட்டுறது 4000 ஓம். உள்ளே கூம்பு சாதாரணமானதுதான், ஆனா கூடவே ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் பொட்டிக்குள்ளேயே வெச்சிருக்கான். ஆம்ப்ளிஃபயர் 2 வோல்ட் குடுக்குதுன்னு வெச்சுக்குங்க. 8 ஓம்ல அது அரை வாட். 4000 ஓம்ல அதே 2 வோல்ட் ஒரு மில்லி வாட்தான். ஐநூறுல ஒரு பங்கு. கொசு பாடாம என்ன பண்ணும்?

அவன் என்னவோ முட்டாள்தனமா அப்படி வைக்கலை. 4000 ஓம்னா வயர்ல ஓடுற கரண்ட் ரொம்பக் கம்மி. அதனால ஸ்பீக்கரை ரிசீவர்லேருந்து தள்ளி, மெல்லிசான வயர்ல இழுத்து எங்கே வேணா வைக்கலாம், வயர்ல சத்தம் தொலையாது. நான் ஒரு பழைய வால்வு ரேடியோவோட அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாப் போட்டேன். 8 ஓம் பக்கம் ஆம்ப்ளிஃபயருக்கு, மத்த பக்கம் ஸ்பீக்கருக்கு. பாடுச்சு பாருங்க! பேஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, மனுஷக் குரல் மட்டும் கணீர்னு. அதுக்குச் செஞ்சதுதானே.

இதுல ஏமாத்தினது பிளக்தான். அந்த ரிசீவர்களுக்குப் போறது பி.எல்-55ன்னு கால் அங்குல பிளக். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டர் அம்மாக்கள் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவாங்களே, அந்த வம்சம். மாமாவோட ஹெட்போன்ல இருந்ததும் அதேதான்னு இப்ப புரியுது. கிடாருக்கும் அதே சைஸ். சின்ன ப்ளேன் ஓட்டுறவங்க ஹெட்செட்டைப் பார்த்தா இன்னைக்கும் ரெண்டு பிளக் இருக்கும். காதுக்கு இந்தக் கால் அங்குலம், மைக்குக்கு அதைவிடக் கொஞ்சம் ஒல்லியா இன்னொண்ணு. அந்த ஒல்லியும் ராணுவத்துல பி.எல்-68ன்னு இருந்ததோட வாரிசுதான். எண்பது வருஷமா மாத்தலை. ஆனா ஓட்டையில நுழைஞ்சுடுச்சுங்கிறதுக்காக அந்தப் பக்கம் இருக்கிறது நம்ம ஆள்னு அர்த்தம் இல்லை. 8 ஓமும் நுழையும், 4000 ஓமும் நுழையும்.

சரி, ரெண்டாவது ஸ்பீக்கர். எல்.எஸ்-454. தப்பு இங்கேதான்.

இது வியட்நாம் போர் காலத்துத் தலைமுறை. ஆலிவ் பச்சை, உலோகப் பொட்டி, முன்னாடி கிரில், ஒரு குமிழ். வி.ஆர்.சி-12ன்னு ஜீப்லயும் டாங்கிலயும் வெச்ச ரேடியோக் குடும்பத்துக்காகச் செஞ்சது. அந்தக் குடும்பத்துல ஆர்.டி-246ன்னு ஒண்ணு உண்டு. பத்து பட்டன் இருக்கும், அமுக்கினா முன்கூட்டியே வெச்ச ஸ்டேஷனுக்குத் தானா போயிடும். அண்ணன் தம்பி மாதிரி ஆர்.டி-524ன்னு இன்னொண்ணு. அதுல அந்தப் பத்து பட்டன் இருந்த இடத்துல ஸ்பீக்கரையே வெச்சுட்டாங்க. பட்டன் வெச்ச ரேடியோவுக்கு வாய் கிடையாது. அதுக்குத் தனியா வாய் வேணும், அதுதான் எல்.எஸ்-454.

அதோட வயர் நுனியில இருந்துச்சு ஒரு அஞ்சு முனை பிளக். யு-229ங்கிற வகையறா. பார்க்க பாட்டில் மூடி மாதிரி இருக்கும். வெச்சு அமுக்கி லேசாத் திருப்பினா 'டக்'னு பூட்டிக்கும். என் வீட்ல எந்தப் பொருள்லயும் அதுக்குப் பொருத்தம் கிடையாது. எனக்கு ஆபீஸ்ல பொட்டி தட்டுறப்ப மேசை மேல கம்பீரமா ஒரு ராணுவ ஸ்பீக்கர் வெச்சுப் பாட்டு கேக்கணும்னு ஆசை. கட்டிங் பிளேயரை எடுத்தேன். ஒரே நறுக். லேப்டாப்ல சொருகுற சின்ன பிளக்கைப் பத்த வெச்சேன். இந்தத் தடவை தட்டிவிட மாமா இல்லை. 2003லயே போயிட்டார்.

அது அப்படி ஒண்ணும் பிரமாதமாப் பாடவும் இல்லைங்கிறது தனிக்கதை. ஒரு மாசம் மேசையில இருந்துச்சு, அப்புறம் பரண். (அமெரிக்காவுல பரண் இல்லை, கராஜ். பழக்க தோஷம்.)

இப்ப அந்தப் பிளக்கைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், வெட்டினதுக்கு அப்புறம்தான் படிச்சேன்ங்கிறது வெக்கக்கேடு. இதுல குச்சி ஓட்டைக்குள்ள நுழையற கதையே இல்லை. ரெண்டு முகமும் ஒண்ணோட ஒண்ணு அழுத்திக்கும், ஒரு பக்கம் ஸ்பிரிங். திருப்பிப் பூட்டுறப்ப முனைங்க ஒண்ணை ஒண்ணு தேய்ச்சுக்கும். சேறு, துரு இருந்தா அந்தத் தேய்ப்புலயே வழிச்சுக்கும். வளைஞ்சு போக குச்சி இல்லை, மழை போகாம இருக்க ரப்பர். இருட்டுல, நடுங்குற கையால, பார்க்காமலே மாட்டலாம். அஞ்சு முனைக்கும் ஏ, பி, சி, டி, ஈன்னு பேர். ஏ பொதுக் கம்பி. பி காதுக்குப் போறது. சி பேசறப்ப அமுக்குற பட்டன். டி மைக். ஈ தேவையைப் பொறுத்து மாறும். ஸ்பீக்கருக்கு வேண்டியது ஏயும் பியும்தான். ஏயும் சியும் தொட்டுக்கிட்டா ரேடியோ பேச ஆரம்பிச்சுடும், அதாவது ஒலிபரப்ப ஆரம்பிச்சுடும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

டாங்கிக்காரங்களுக்கு இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. இங்கிலாந்தோட 19ம் நம்பர் செட்டுன்னு ஒண்ணு. (கனடாவுல செஞ்சதுல ஆங்கிலத்தோட ரஷ்ய எழுத்தும் போட்டிருக்கும், ரஷ்யாவுக்கு அனுப்பினதால.) அதுல தலையில மாட்டுற ஹெட்செட்டோட வயர் நடுவுல ஒரு இணைப்பு வெச்சான். இழுத்தா பட்டுனு கழண்டுக்கும். டாங்கி தீப்பிடிச்சா குதிக்கிறப்ப வயர் கழுத்தைப் பிடிச்சு இழுக்கக் கூடாதே. நடந்து போற சிப்பாய்க்கு என்ன ஆனாலும் கழளக் கூடாது, டாங்கிக்காரனுக்குக் கழண்டே ஆகணும். யாரோ ஒருத்தன் மேசையில உட்கார்ந்து இதை எல்லாம் யோசிச்சிருக்கான். நான் அதைப் பாட்டு கேக்க வெட்டியிருக்கேன்.

இனிமே 2023.

எங்க தெருவுல நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர். எழுபத்தஞ்சை நெருங்கிக்கிட்டிருந்தார். அவரும் ஹாம். வியட்நாம்ல ரேடியோ சுமந்தவர்னு தெரியும், அதுக்கு மேல நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு நாள் கூப்பிட்டார். கராஜ்ல பி.ஆர்.சி-77 ஒண்ணு வெச்சிருந்தார். முதுகுல சுமக்கிற ரேடியோ, பேட்டரியோட சேர்த்தா பத்து கிலோவுக்கு மேல. அவர் சுமந்தது இதுக்கு மூத்தது, பி.ஆர்.சி-25. வெளித்தோற்றம் ரெண்டும் ஒண்ணுதான். 25ல எல்லாம் டிரான்சிஸ்டர், கடைசியில ஒரே ஒரு வால்வு. 77ல அந்த வால்வும் இல்லை. "நான் சுமந்ததைத் திருப்பிக் குடுத்துட்டுத்தானே வரணும், இது சந்தையில வாங்கினது"ன்னார்.

பிரச்சினை ரேடியோவுல இல்லை, காதுல. ஹேண்ட்செட்டை வெச்சா அவருக்குக் கேக்கலை. காது மெஷினோட சேர்ந்து கீச்சுனு கத்துது. "இந்த ரேடியோவுக்கு ரெண்டு சாக்கெட். ஒண்ணுல ஹேண்ட்செட், இன்னொண்ணுல ஸ்பீக்கர் மாட்டலாம். எல்.எஸ்-454ன்னு ஒண்ணு வரும், ஸீனியா சந்தைக்குப் போனா உன் கண்ணுல பட்டா வாங்கிட்டு வா, சன்"ன்னார். (தம்பின்னு மொழிபெயர்க்கலாம். எனக்கு அப்பவே ஐம்பது தாண்டியாச்சு.)

வயித்துல புளியைக் கரைச்சுது. "என்கிட்டயே இருக்கு"ன்னு சொல்லிட்டேன். அவர் முகம் மலர்ந்தது இருக்கே. அப்புறம்தான் "ஆனா..."ன்னு இழுத்தேன்.

கொண்டு போய்க் காட்டினேன். பச்சைப் பொட்டி நுனியில லேப்டாப் பிளக் தொங்குது. அதைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டியிருந்தா பரவாயில்லை. "அந்தப் பிளக் எங்கே?"ன்னு மட்டும் கேட்டார். தூக்கிப் போட்டிருப்பேன்னு சொன்னேன். தலையை ஆட்டினார்.

புதுசா ஒண்ணு வாங்கிடலாமே, என்ன பிரமாதம்னுதான் நானும் நினைச்சேன். ஆனா ஸ்பீக்கரோ ஹேண்ட்செட்டோ, ரப்பர்ல அப்படியே வார்த்து வர்ற பிளக்தான் நிறைய. பிரிச்சுப் பத்தவைக்க முடியாது. பத்தவைக்கிற மாதிரி உள்ளதுக்கு அவருக்குப் பொறுமை இல்லை. உள்ளே போய் ஒரு ஹேண்ட்செட் கொண்டுவந்தார். எச்-189. மைக் செத்துப் போனது. வயரோட பிளக் நல்லா இருந்துச்சு. என் கையில குடுத்து, "இதை வெட்டு"ன்னார்.

சத்தியமாச் சொல்றேன், கை வரலை. பதினாலு வருஷம் முன்னாடி ஒரே நறுக்குனு வெட்டின அதே கை. "வேண்டாம், நான் நெட்ல தேடி வாங்கித் தரேன்"னேன். கட்டரை வாங்கி அவரே வெட்டிட்டார். அந்த ஹேண்ட்செட்டோட காதுப் பக்கத்தை ஒரு நிமிஷம் கையில வெச்சிருந்தார். "மழைக்காலத்துல இதைப் பிளாஸ்டிக் பையில சுத்திக் கட்டி வெச்சிருப்போம். பேட்டரி வர்ற பை. தண்ணி போனா அவ்வளவுதான், ஹெலிகாப்டரைக் கூப்பிட முடியாது"ன்னார். அதை மேசை டிராயர்ல போட்டார்.

அவர் சொன்னதை எல்லாம் இங்கே எழுதப் போறதில்லை. ஒண்ணு மட்டும். ராத்திரி காட்டுல பதுங்கி இருக்கிறப்ப வாயைத் திறக்கக் கூடாது. மணிக்கொரு தடவை தலைமையிடத்துலேருந்து மெதுவாக் கேப்பாங்க, எல்லாம் நல்லா இருந்தா ரெண்டு தடவை பட்டனை அமுக்குன்னு. பேசவே வேண்டாம். அந்தப் பக்கம் 'கிஸ்க்... கிஸ்க்'னு ரெண்டு தடவை கேக்கும், உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம். "ஒரு ராத்திரி ஒரு குழுகிட்டேயிருந்து அந்த ரெண்டு சத்தம் வரலை"ன்னார். அதுக்கு அப்புறம் அவர் ஒண்ணும் சொல்லலை. நான் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணிக்கிட்டிருந்தேன்.

அஞ்சு வயர். நிறத்தை நம்பக் கூடாதுன்னு மீட்டரை வெச்சு ஒவ்வொண்ணா பார்த்தோம். பிளக் முகத்துல பெரியவர் மீட்டர் முனையை வெப்பார், வயர் பக்கம் நான். ஏ கிடைச்சுது, பி கிடைச்சுது. மத்த மூணையும் தனித்தனியாச் சுருட்டி டேப் போட்டேன். ரெண்டையும் பத்தவெச்சு முடிச்சு நிமிர்ந்தா, மேல மூட வேண்டிய சுருங்குற டியூபை வயர்ல முதல்லயே கோர்க்க மறந்துட்டேன். இந்தத் தொழில்ல இருக்கிற ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு தடவையும் செய்யற தப்பு இது. அவிழ்த்துட்டு மறுபடி. பெரியவர் முதல் தடவையாச் சிரிச்சார்.

மறுபடி மீட்டர். நல்லவேளை பார்த்தேன். ஏயும் சியும் தொடுது! டேப்புக்குள்ள ஒரு மயிரிழைக் கம்பி நீட்டிக்கிட்டிருந்துச்சு. அப்படியே மாட்டியிருந்தா ரேடியோ தானா ஒலிபரப்ப ஆரம்பிச்சிருக்கும், ஆன்டெனா கூட மாட்டலை. அதை நறுக்கினேன். (இந்த நறுக் நியாயமான நறுக்.)

அதுக்குன்னு இருந்த பழைய பேட்டரி இல்லாததால பத்து டார்ச் செல்லைக் கோர்த்து 15 வோல்ட் பண்ணி வெச்சிருந்தார். ஆன்டெனாவை மாட்டி, அடுத்து ஸ்பீக்கரை மாட்டினார். 'டக்'. பார்க்காமலேதான் மாட்டினார். ரேடியோவைப் போட்டதும் அந்தப் பச்சைப் பொட்டியிலேருந்து மழை மாதிரி இரைச்சல். ஜீப் ரேடியோவுல மாட்டினா கத்துற அளவு இதுல கத்தாது, இந்த ரேடியோ காதுக்குக் குடுக்கத்தான் செஞ்சது. ஆனா ஒரு கராஜுக்குப் போதும். அவருக்குக் கேட்டுச்சு.

நான் வீட்டுக்கு ஓடிவந்து என் ரேடியோவை எடுத்தேன். அவர் ரேடியோ 50 கிலோஹெர்ட்ஸ் படியிலதான் போகும். அதனால 6 மீட்டர்ல எல்லாரும் கூடுற 52.525 மெகாஹெர்ட்ஸ் அதுக்கு எட்டாது. 51.00ன்னு பேசி வெச்சோம். இரைச்சலை அடக்குற ஸ்குவல்ச்சைப் போட்டா அவர் ரேடியோ 150 ஹெர்ட்ஸ்ல ஒரு முனகல் இருக்கிற சிக்னலுக்குத்தான் வாயைத் திறக்கும். நம்ம ஹாம் ரேடியோவுல 151.4 இருக்கு. அது போதும், ஏமாந்துடும். அதை வெச்சேன். கால்சைன் சொல்லிக் கூப்பிட்டேன்.

பதில் இல்லை. பிளக் விட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன். மறுபடி கூப்பிட்டேன்.

கிஸ்க். கிஸ்க்.

அப்புறம் ஒரு பத்து செகண்ட் கழிச்சுத் தன் கால்சைனைச் சொன்னார், சட்டம்னு ஒண்ணு இருக்கே. "நல்லாக் கேக்குது. வயரை மேசைக்குப் பின்னாடி விட இன்னும் ரெண்டு அடி நீளம் இருந்திருக்கலாம்"ன்னார். நான் வெட்டின நீளம் அது.

பி.கு: இந்த வருஷம் தீபாவளிக்குப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்க தங்கமணி நூல் டப்பாவைத் திறந்தாங்க. எல்லார் வீட்லயும் இருக்குமே, டேனிஷ் பிஸ்கட் வந்த நீல டப்பா, அதுதான். ஊக்கு, பட்டனுக்கு நடுவுல ஆலிவ் பச்சையில ஒரு அஞ்சு முனை பிளக், கூடவே ரெண்டு அடி வயர். "ஏங்க, இது ஏதோ மூடி மாதிரி இருந்துச்சேன்னு அப்பவே எடுத்து வெச்சேன்"னாங்க. நாளைக்குப் பெரியவர்கிட்ட கொண்டு போய்க் காட்டணும். என்ன சொல்வாரோ தெரியலை.